வெளிநாட்டு நூலகத் தளங்களில் தமிழ்ப் புத்தகங்களைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

புத்தகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நீங்கள் தட்டுகிற ஸ்பெல்லிங்தான் அங்கே இருக்காது.

1962 முதல், அமெரிக்கா நமக்குத் தானியம் விற்ற பி.எல். 480 திட்டத்தின்கீழ், நம் ஊரில் அச்சான புத்தகங்கள் கட்டுக்கட்டாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போயின. நாம் வாங்கிய கோதுமைக்குக் கொடுத்த ரூபாயில் வாங்கியவை! சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெரிய தமிழ்த் தொகுப்பு அப்படி வளர்ந்ததுதான். பட்டியலில் அவற்றை ஏற்றியவர்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகுத்த முறைப்படி ஆங்கில எழுத்தில் பதிந்தார்கள். பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட்டில் தமிழில் தட்டினால் பெரும்பாலும் புதிய பதிவுகள்தான் வரும்.

அந்த முறை உச்சரிப்பைப் பார்க்காது, எழுத்தைத்தான் பார்க்கும். க எங்கே வந்தாலும் கே, ஜி கிடையாது. ச என்றால் கேமராவின் சி; எஸ்ஸோ சிஹெச்சோ போடக் கூடாது. ட, த இரண்டுக்கும் டீ குடிக்கிற டி மட்டும், பக்கத்தில் ஹெச் வேண்டாம். ப என்றால் பேப்பரின் பி; பஸ்ஸின் பி அல்ல. ல, ள, ழ மூன்றும் எல், இசட்ஹெச்சை மறந்துவிடுங்கள். ங, ஞ, ண, ந, ன எல்லாம் என். ‘ற்ற’ வந்தால் இரண்டு ஆர். நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டிக்காதீர்கள். பதிவில் மேலே கோடு இருக்கும், தேடும்போது அது பொதுவாகத் தேவைப்படாது. ஜ, ஸ, ஹ மட்டும் வழக்கம்போல் ஜே, எஸ், ஹெச்.

‘சங்க இலக்கியம்’ வேண்டுமா? சி, ஏ, என், கே, ஏ, ஓர் இடைவெளி, ஐ, எல், ஏ, கே, கே, ஐ, ஒய், ஏ, எம். எஸ் போட்டு, நடுவில் ஜியும் வைத்துத் தேடினால் சங்க காலம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள்தான் வந்து விழும்.

அடுத்த சிக்கல் சொற்பிரிப்பு. ‘பெரியபுராணம்’ ஒரு பதிவில் ஒரே சொல்லாக இருக்கும், இன்னொன்றில் இரண்டாக. இரண்டு விதமாகவும் தேடுங்கள், அல்லது தொடக்க எழுத்துகளைப் போட்டு நட்சத்திரக்குறி வையுங்கள். மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தால் குப்பை குறையும். ஆசிரியர் பெயரை நம்பாதீர்கள்: சிலர் பெயர் இந்த முறைப்படி இருக்கும், சிலருடையது அவர்களே எழுதிய ஆங்கில ஸ்பெல்லிங்கில் இருக்கும். தலைப்புதான் பத்திரமான வழி.

பதிவு கிடைத்ததும் பதிப்பகம், ஆண்டு, ஓசிஎல்சி எண் (வேர்ல்டுகேட்டில் அந்தப் பதிவுக்குரிய எண்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் வைத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கை நூல் என்றால் ‘நூலகம்’ என்ற இணையதளம் ஆகியவற்றில் பாருங்கள். இங்கே தமிழ் எழுத்திலும் தேடிப் பாருங்கள். நூலகங்கள் ஸ்கேன் செய்த புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஹாதிட்ரஸ்ட் தளத்தில் ஸ்கேன் இருந்தாலும், அமெரிக்காவில் திறக்கிற புத்தகம் இந்தியாவிலிருந்து திறக்காமல் போகலாம்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால், புத்தகம் இருக்கிற நூலகத்தின் ‘நூலகரைக் கேளுங்கள்’ பக்கத்தில், வேண்டிய பகுதியின் நகலைக் கேட்டு எழுதுங்கள். ‘இந்தப் புத்தகம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் அங்கிருந்து கேள்விதான் திரும்பி வரும். ஓசிஎல்சி எண், பதிப்பு ஆண்டு, எந்த இயல், எத்தனையாம் பக்கம் முதல் எத்தனை வரை என்று முதல் மடலிலேயே போட்டுவிடுங்கள்.