அரைமணி நேரத்துக்குள் அடங்கும் கைவேலை

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னல் எனக்கு உயிர். பெரிய மேசை விரிப்பு ஒன்றைத் தொடங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை பின்னலாம் என்று வைத்தால் துணி துவைப்பதிலும் சமையலிலும் அந்த நாள் போய்விடுகிறது. என் தாயார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டே கைவேலையும் செய்தார். எனக்கு ஏன் முடியவில்லை? தீபாவளிக்குப் பின்னி விற்கும்படி பக்கத்து வீட்டார் சொல்வதை ஏற்கலாமா?”

முதலில் தாயாரோடு உங்களை ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். குளிர்ந்த வேளையில் ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும். அதனாலேயே பால்வெட்டு விடியுமுன் தொடங்கியது. அவ்வளவு சீக்கிரம் தொடங்கிய வேலை சீக்கிரம் முடிந்ததால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பிற்பகல் என்று ஒரு வேளை மிஞ்சியது. (அதுவும் ஓய்வாகக் கழிந்ததா என்பது வேறு விஷயம்.) காலை முதல் மாலை வரை அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பிற்பகலே கிடையாது. உங்களுக்கு இருப்பது துண்டு நேரம்: பிள்ளைகளை டியூஷன் வகுப்பில் விட்டுவிட்டுக் காரில் காத்திருக்கும் அரைமணி, சோறு வேகும் கால்மணி. ஆகவே ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்ப்பதைவிட, இந்தத் துண்டு நேரத்துக்குள் அடங்கும்படி வேலையை மாற்றிக்கொள்வதே வழி.

அந்த வகையில் உங்கள் தேர்வு நல்லதே. ஆரி வேலைக்கு, அதாவது துணியில் கொக்கி ஊசியால் போடும் பூவேலைக்கு, சட்டத்தில் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். அதைக் கட்டி அவிழ்ப்பதிலேயே கால்மணி கரைந்துவிடும். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியிலேயே நிற்பதால், ஊசி நழுவினால் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். சாதாரண குரோஷேயில் வேலையை நிறுத்தும்போது திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால், எந்த இடத்திலும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம்.

சிக்கல் மேசை விரிப்பில்தான் இருக்கிறது. அது வளர வளர மடியை நிரப்பும், நம் ஊர் வெக்கையில் புழுங்கும், பையில் அடங்காது. எத்தனையாவது வரிசையில் விட்டோம் என்பதும் மறந்துபோகும். அதைச் சில மாதங்களுக்கு எடுத்து வைத்துவிட்டு, உள்ளங்கை அளவு சதுரங்களாகப் பின்னத் தொடங்குங்கள். போதுமான அளவு சேர்ந்தபின் இணைத்தால் அவையே ஒரு விரிப்பாகிவிடும். ஒரே நிறச் சதுரம் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டு நூல் முனைகள் இருக்கும். அவற்றை அன்றன்றே ஊசியால் உள்ளே செருகிவிடுங்கள்; தவறினால், 40 சதுரங்கள் சேரும் நாளில் 80 முனைகள் தொங்கிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்தே கை ஓய்ந்துவிடும்.

ஒரு கொக்கி ஊசி, ஒரு நூலுருண்டை, சிறு கத்தரி, ஊக்கு ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அலமாரியைத் திறந்து தேட வேண்டியிருந்தால் அரைமணி நேரம் பயன்படாது. கொக்கி அலுமினியமாக இருப்பது நல்லது. மெல்லிய எஃகு ஊசி நம் ஈரக்காற்றில் துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை விடும். இரவில் வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர்நிற நூலையே எடுங்கள். கறுப்பு நூலின் கண்ணிகள் குழல்விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்பதால் அதைப் பகலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

விற்பனையைப் பொறுத்தவரை, இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் கருத்து. நூலின் விலையைத் தரத் தயங்காதவர்கள்கூட, பின்னிய மணிநேரங்களுக்குக் கூலி என்றால் யோசிப்பார்கள். அத்துடன், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பலகாரம், வீடு துடைப்பு, பிள்ளைகளின் உடுப்பு என்று இருக்கும்போது, வாக்குக் கொடுத்த வேலையும் சேர்ந்தால் இரவுத் தூக்கம்தான் பறிபோகும். வற்புறுத்திக் கேட்டால், ஏற்கெனவே பின்னி முடித்தவற்றை மட்டும் விலைக்குக் கொடுங்கள், முன்பணம் வாங்காதீர்கள்.