சில்வர் ஓக் மரத்தில் ஏறும்போது கயிற்றை எங்கே கட்டுவது?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னக் காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். வீட்டை ஒட்டி நிற்கும் மூன்று சில்வர் ஓக் மரங்களை எடுத்தாக வேண்டும். அதில் ஒன்று நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது. ஒரு பக்கம் ஓட்டு வீடு, மறுபக்கம் காபிச் செடிகள். அதனால் ஆள் ஏறித் துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். வருகிற ஆட்கள் கைக்கு எட்டிய கிளையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்குகிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது. எந்த இடத்தில் கட்டினால் பாதுகாப்பு?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அய்யா. சில்வர் ஓக்கில் கிளையை நம்பி ஆள் தொங்கக் கூடாது. கயிறு நடுத்தண்டைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், அதுவும் உயிருள்ள தண்டாக இருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தைக் கீழே நின்றபடியே முடிவு செய்ய முடியவில்லை என்றால், அந்த மரத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் காபிக்கு நிழலாகவும் மிளகுக்கொடிக்குத் தாங்கலாகவும் நமக்கு நன்றாக உழைக்கிறது. ஆனால் அதன் கிளையில் முறுக்கு கிடையாது. பலாக் கிளை வளைந்து, முனகி, ஆளுக்கு ஒரு நொடியாவது அவகாசம் கொடுக்கும். இது படக்கென்று ஒடியும். அதோடு நிழலைக் குறைக்கக் கிளை கழிக்கிற நிழல் கவாத்துச் சமாசாரமும் இருக்கிறது. கிளையைக் கழித்த இடத்தைச் சுற்றி அடுத்த மழைக்கு நாலைந்து புதுக் கிளைகள் கிளம்பும். அதில் ஒன்றை அடியோடு அறுத்துப் பாருங்கள். அது தண்டின் நடுவிலிருந்து வந்திருக்காது. பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய வெட்டுவாய் உள்ளே கறுத்து, விரலால் அழுத்தினால் அமுங்கும். வெளியிலிருந்து பார்த்தால் பச்சையாக, கை கனத்தில், நல்ல கிளையாகத்தான் தெரியும். ஆட்கள் எட்டிப் பிடித்துக் கட்டுவது பெரும்பாலும் இந்தக் கிளையில்தான். ஒரு காலத்தில் தலை வெட்டிவிட்ட மரத்தில் இரண்டு நுனிகள் எழும்பிக் கவை போல நிற்பதும் இதே கதைதான். அந்தக் கவையில் கயிறு போடவே கூடாது.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் மிளகுக்கொடியை விலக்கிவிட்டு அடிமரத்தைச் சுற்றி வாருங்கள். வேர்ப்பக்கம் காளான், பட்டை உரிந்த இடம், பொந்து, மண்ணில் வெடிப்பு ஏதாவது இருந்தால் மேலே பார்க்கவே வேண்டாம், அந்த மரம் ஆளைத் தாங்காது. கோடாலியின் பின்பக்கத்தால் தட்டினால் கெட்டிச் சத்தம் வர வேண்டும்; டொக்கென்று வந்தால் உள்ளே வெற்றிடம். அப்புறம் குளவிக்கூடு, மலைத்தேன் கூடு, பக்கத்தில் மின்கம்பி. கம்பி இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் வேலையே தொடங்கக் கூடாது.

மரம் சரியாக இருந்தால், தண்டைச் சுற்றி, நல்ல பச்சைக் கிளை ஒன்று பிரியும் இடத்துக்குச் சற்று மேலே கயிறு வர வேண்டும். அந்தக் கிளையின் வேலை கயிறு வழுக்கி இறங்காமல் தடுப்பது மட்டும்தான். பாரத்தைச் சுமப்பது தண்டு. கெட்டியான மரங்களில் கட்டும் இடம் குறைந்தது 4 அங்குலக் கனம் வேண்டும் என்பார்கள். சில்வர் ஓக்குக்கு 6 அங்குலத்துக்குக் குறைந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மற்ற மரங்களில் கவையில் போட வேண்டி வந்தால், 'ப' மாதிரி அகன்ற கவையாகப் பாருங்கள். ஒடுங்கிய கவையின் நடுவே பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால் பாரம் ஏறியதும் பிளக்கும். கல்யாண முருங்கையில் எந்தக் கவையும் ஆகாது.

மெல்லிய கயிற்றில் மணல் மூட்டை கட்டி எறிந்து, பெரிய கயிற்றை ஏற்றிய பிறகு, இரண்டு பேர் ஒதுங்கி நின்று முழு பலத்தோடு இழுத்துத் தொங்கிப் பார்க்கட்டும். ஒருவர் அடிமண் அசைகிறதா என்று கவனிக்கட்டும். இரண்டு பேர் எதற்கு என்றால், கயிற்றின் ஒரு முனையை அடிமரத்தில் கட்டி, மறுமுனையில் 80 கிலோ ஆள் தொங்கினால் மேலே விழும் பாரம் ஏறக்குறைய 160 கிலோ. கால் வழுக்கி ஒரு அடி விழுந்தாலும் அது இன்னும் ஏறும்.

மரத்தை எடுக்கும் வேலையில் கட்டிய இடமே வெட்டுக்குள் வந்துவிடும். கிளைகளைக் கழித்தபடி மேலே போய், நுனியை வெட்டி, பிறகு தண்டைத் துண்டு போட்டுக்கொண்டே இறங்குகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கயிற்றை வெட்டுவாய்க்குக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். அப்போது தடுக்கக் கிளை இருக்காது. எனவே பாரம் ஏறினால் இறுகுகிற சுருக்காகப் போட வேண்டும். பவர் சா ஓடும்போது தண்டைச் சுற்றி இடுப்பில் மாட்டும் இடுப்புக் கயிறு, ஆள் தொங்கி இறங்கும் கயிறு இரண்டும் மாட்டியிருக்க வேண்டும். வாள் பட்டால் நைலான் கயிறு நொடியில் அறுந்துவிடும், அதனால் இடுப்புக் கயிற்றை உள்ளே கம்பி வைத்ததாக வாங்கிக் கொடுங்கள். மாட்டுக் கயிறும் கிணற்றுக் கயிறும் வேண்டவே வேண்டாம். துண்டுகளை இறக்கும் கயிற்றை ஆள் தொங்கும் கயிற்றோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகப் போடுங்கள். பெரிய துண்டு ஒன்று வெடுக்கென்று நின்றால் அதன் உலுக்கல் முழுவதும் மரத்தில் இருப்பவருக்குத்தான் வரும், எனவே சின்னத் துண்டுகளே நல்லது. மழை ஈரத்தில், பாசி பிடித்த பட்டையில் வேலை வேண்டாம்.

இனி, காய்கிற மரம். கத்தியால் பட்டையைச் சுரண்டிப் பச்சை எங்கே முடிகிறது என்று பார்க்கலாம்தான், ஆனால் அதற்கே ஆள் ஏற வேண்டும். அதில் ஏறவே விடாதீர்கள். பக்கத்தில் அதைவிட உயரமான, திடமான மரம் இருந்தால் அதன் தண்டில் கயிறு போட்டு அங்கிருந்து வேலை செய்யலாம். கயிறு செங்குத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் சாயாத தூரத்தில் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் கை நழுவிய ஆள் ஊஞ்சலாடித் தண்டில் போய் மோதுவார். அப்படி மரம் இல்லாவிட்டால், வடம் கட்டி வீட்டுக்கு எதிர்ப்பக்கம், காபிச் செடிகள் மேலேயே சாய்த்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் வனத்துறையில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒடிந்த காபிச் செடிகளை அடியோடு கவாத்து செய்துவிட்டால் துளிர்த்து, இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி காய்க்கும்.