எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறதா? கிளாஸ்கோவில் முதல் கெல்டிக் கச்சேரிக்குப் போகுமுன்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிளாஸ்கோவுக்கு முதுகலை படிக்க வந்து நாலு மாதம் ஆகிறது. ஜனவரியில் நடக்கும் கெல்டிக் கனெக்‌ஷன்ஸ் இசைவிழாவுக்கு உடன் படிப்பவர்கள் கூப்பிடுகிறார்கள். யூடியூபில் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, குடிக்கும் பழக்கமும் இல்லை, 25 பவுண்டு கொடுத்துப் போவது வீண்தானா என்கிறீர்கள். மிருதங்கம் கற்றிருக்கிறேன், எங்காவது சேர்ந்து வாசிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வீண் இல்லை, கட்டாயம் போங்கள். 1994-இல் தொடங்கிய விழா அது. குளிர் உச்சத்தில் இருக்கும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம்வரை, இரண்டரை வாரம் நடக்கும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்சின் பிரிட்டனி என்று எல்லாத் திசையிலிருந்தும் சுற்றுப்பயணக் குழுக்கள் ஒரே ஊரில் வந்து இறங்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

ஒரே மாதிரி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் காது ராகத்தைத் தேடுகிறது. ஆலாபனை விரியும், சங்கதி ஏறும் என்று காத்திருக்கிறது. இங்கே மெட்டு விரியாது, சுழலும். ஒரு மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டே பகுதி, ஒவ்வொன்றும் 8 பார் (பார் என்பது நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு). முதல் பகுதி இரண்டு தடவை, அடுத்தது இரண்டு தடவை, ஆக 32 பார். ரீல் என்ற வேகமான நடன மெட்டில் இது முப்பத்தைந்து நொடியில் முடிந்துவிடும். அதையே மூன்று முறை வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி மூன்று மெட்டுகளைக் கோத்ததுதான் ஒரு ‘செட்’, சுமார் ஐந்து நிமிடம். பட்டியலில் ஒரு பெயர் போட்டிருந்தாலும் உள்ளே மூன்று மெட்டு இருக்கும்.

இந்த இசையின் உயிர் அந்தத் தாவலில்தான் இருக்கிறது. மூன்றாவது சுற்றின் கடைசி இரண்டு பாரில் ஃபிடில் (வயலின்) வாசிப்பவரின் முகத்தைப் பாருங்கள். புருவம் உயரும், அல்லது கிட்டார்காரர் பக்கம் தலை திரும்பும். அடுத்த நொடி டி (D) சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது ஏ (A) சுருதிக்கு ஏறும், கிட்டார் புது கார்டில் விழும், கூட்டம் ‘ஹ்யூக்’ என்று கத்தும். அதை ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் எந்த செட்டும் ஒரே மாதிரி கேட்காது. பதிவில் இது தப்பிப் போகிறது, ஏனென்றால் அந்தச் சைகை கண்ணுக்குத் தெரிவதில்லை.

மிருதங்கம் தெரிந்தவருக்குத் தாளம் பிரிப்பது சுலபம். ஜிக் என்ற நடன மெட்டில் பாருக்கு இரண்டு தகிட, ஆறு எண்ணிக்கை. ஸ்லிப் ஜிக் மூன்று தகிட, ஒன்பது எண்ணிக்கை. ரீல் தகதிமி ஓட்டம். ஸ்காட்லாந்துக்கே உரிய ஸ்ட்ராத்ஸ்பேயில் குறில் முன்னால் வெட்டி நெடில் பின்னால் நிற்கும், ‘தக்-காஆ’ என்று இடறுகிற மாதிரி. அந்த இடறலைக் கேட்டால் வாசிப்பது பெரும்பாலும் ஸ்காட்டிஷ் மெட்டு என்று சொல்லலாம்.

பைப் எனப்படும் காற்றுப்பை வைத்த குழல் வாத்தியத்தில் இரண்டு வகையைப் பிரித்து அறியுங்கள். ஹைலேண்ட் பைப் வாயால் ஊதிப் பையை நிரப்புவது. ஒன்பதே சுரம், மூன்று ஒத்துக்குழல், சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பையிலிருந்து காற்று நிற்காமல் வருவதால் ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்கக்கூட நடுவில் ஒரு பொடி சுரத்தை விரலால் தட்டித்தான் பிரிக்க வேண்டும். நாதஸ்வரத்தில் நாக்கு செய்கிற துத்துகார வேலையை இங்கே விரல் செய்கிறது. அயர்லாந்தின் இலன் பைப்பில் வாய்க்கு வேலையே இல்லை. முழங்கைக்குக் கீழே கட்டிய துருத்திதான் காற்று தரும். இரண்டு ஸ்தாயி, மென்மையான குரல்.

பைப்காரர் மேடையில் நிமிடக்கணக்கில் சுருதி சேர்த்தால் பொறுமை இழக்காதீர்கள். சீவாளி போன்ற அந்த நாணல் துண்டுகளைக் குளிரும் ஈரமும் உடனே பாதிக்கும். வெளியே 3 டிகிரி, உள்ளே ஹீட்டர், ஆயிரம் பேரின் மூச்சு. வாசிக்க வாசிக்கச் சூடேறிச் சுருதி மேலே போகும். ஒத்துக்குழலின் மேல்பகுதியை நூலளவு இழுத்தால் இறங்கும், அமுக்கினால் ஏறும். இரண்டு ஒலிக்கும் நடுவில் ‘வவ்வவ்’ என்று அலை அடிக்கும். அது மெல்ல மெல்ல நீண்டு, கடைசியில் நின்று, ஒரே கோடாக ஆகும். அந்தக் கணத்தைக் கவனித்துக் கேளுங்கள். தம்புரா சேரும்போது நமக்குள் என்ன நடக்குமோ அதுவேதான்.

பாட்டு ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் வந்தால் அர்த்தம் புரியவில்லையே என்று தவிக்க வேண்டாம். சுற்றியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கும் புரியாது. பாடகரே ஒரு வரியில் கதை சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். கம்பளித் துணியை மேசையில் அடித்து இறுக்கும்போது பெண்கள் பாடிய வேலைப்பாட்டுகளில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நம் நடவுப் பாட்டின் அமைப்பு அது. கபர்கெய்லி குழுவின் கேரன் மாத்தசன் பாடியவற்றை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனால் காது பழகியிருக்கும். மெதுவான பாட்டில் யாரும் கை தட்ட மாட்டார்கள், கைபேசியும் தூக்காதீர்கள். ரீலில் எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம்.

அரங்கு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் பலர் தவறுகிறார்கள். பேரோலண்டில் நின்றுகொண்டு பார்க்கும் கச்சேரியை முதல் கச்சேரியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது நடனக்கூடம், குதித்தால் தரையே சேர்ந்து ஆடும். மூன்றாவது நான்காவது தடவைக்கு அதைவிடச் சிறந்த இடமில்லை, ஆனால் முதல் தடவை டிரம்ஸும் பாஸும் மட்டும்தான் காதில் விழும். பியூகானன் தெரு உச்சியில் இருக்கும் ராயல் கன்சர்ட் ஹாலில் எல்லாருக்கும் இருக்கை உண்டு. ஒலி தெளிவு, ஆனால் பின்வரிசையிலிருந்து புருவம் தெரியாது. என் பரிந்துரை கேண்டில்ரிக்ஸில் உள்ள ஓல்டு ஃப்ரூட்மார்க்கெட். பழமண்டியாக இருந்த இடம், இரும்புத் தூண்களும் மாடமுமாக இன்னும் அப்படியே நிற்கிறது. இருக்கை போட்ட கச்சேரியா, நிற்கும் கச்சேரியா என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு எடுங்கள். குழுவில் நாலைந்து பேருக்கு மேல் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

டிக்கெட் பெரும்பாலும் 15 முதல் 35 பவுண்டுக்குள் இருக்கும். மாணவர் சலுகை உண்டா என்று பாருங்கள், எல்லாக் கச்சேரிக்கும் இருக்காது. முன்பதிவுக் கட்டணம் தனி. விற்றுத் தீர்ந்துவிட்டது என்றால் தெருவில் விற்பவரிடம் வாங்காதீர்கள், அன்று மாலை அரங்கின் கவுண்டரில் திருப்பிய டிக்கெட் வந்ததா என்று கேளுங்கள். டிக்கெட்டில் போட்டிருப்பது கதவு திறக்கும் நேரமா, மேடை தொடங்கும் நேரமா என்பதையும் கவனியுங்கள். முதலில் ஒரு சின்னக் குழு அரைமணி நேரம் வாசிக்கும். அதைத் தவறவிடாதீர்கள், அடுத்த வருடத்துப் பெரிய குழு அதுவாக இருக்கலாம். ஞாயிறன்று சுரங்க ரயில் சீக்கிரமே நின்றுவிடும், திரும்பும் பேருந்தை முன்பே பார்த்து வைக்க வேண்டும்.

உடைக்கு விதி எதுவும் கிடையாது. மெல்லிய சட்டைமேல் ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு. உள்ளே வேர்க்கும், கோட்டை வைக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். நிற்கும் கச்சேரி என்றால் காது அடைப்பான் அவசியம். பஞ்சு மாதிரியானது மேல் ஒலியை விழுங்கி ஃபிடிலைக் கொன்றுவிடும். இசைக்கென்றே வடிகட்டி வைத்தது 15, 20 பவுண்டுக்குக் கிடைக்கும், வருடக்கணக்கில் உழைக்கும். குடிக்காததை யாரும் கவனிப்பதுகூட இல்லை. லைம் சோடா கேளுங்கள், அல்லது குழாய்த் தண்ணீர். கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது ஸ்காட்லாந்தின் மது உரிமச் சட்டத்திலேயே இருக்கிறது.

நண்பர்கள் கூப்பிடுவது கேய்லி எனப்படும் கூட்டு நடன நிகழ்ச்சிக்கு என்றால் அது வேறு, நீங்களே ஆட வேண்டிய இடம். ஒவ்வொரு நடனத்துக்கும் முன்னால் ஒருவர் மைக்கில் நடத்திக் காட்டுவார், தெரியாமல் போவதில் தவறே இல்லை. ஸ்ட்ரிப் தி வில்லோ என்ற நடனத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. வரிசையாக ஒவ்வொருவரோடும் கை கோத்துச் சுழல வேண்டும். விரலைப் பிடித்துச் சுழன்றால் மணிக்கட்டு பிசகும், பிடி நழுவி ஆள் பறப்பார். முழங்கையோடு முழங்கை கோத்து, உடலை ஒட்டி வைத்துச் சுழலுங்கள். கைக்கடிகாரமும் மோதிரமும் பைக்குள், காலில் தட்டையான ஷூ.

குழுவின் சிடி விற்கும் மேசையில் ஏதாவது ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். வேனில் ஊர் ஊராகப் போகிறவர்களின் பெட்ரோல் செலவு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

மிருதங்கத்தைப் பற்றி. மேடையில் இடம் கிடைக்காது, பப்பில் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கும் செஷனில் கிடைக்கலாம். ஆனால் தாள வாத்தியம் விஷயத்தில் அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒரு போரான்தான். ஆட்டுத்தோல் போர்த்திய அந்த வட்டக் கைப்பறையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எடுக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரம் கையை வீசிக்கொண்டு போங்கள். வட்டத்துக்குள் இருக்கும் நாற்காலிகள் வாசிப்பவர்களுக்கு, நீங்கள் ஒதுங்கி உட்கார்ந்து மெட்டுகள் மாறும் இடத்தை மனதில் பதியுங்கள். பிறகு இடைவேளையில், செஷனை நடத்துகிறவரிடம் கேளுங்கள். மிருதங்கம் தேவையில்லை, அந்தச் சின்ன மேசைகளுக்கு நடுவே வைக்கவும் முடியாது. கஞ்சிராவைக் கொண்டுபோங்கள். ஜிக்கில் நடை மட்டும் பிடித்து, மெதுவாக, சொற்கட்டு எதுவும் போடாமல், மெட்டுக்குக் கீழே இருங்கள். தீர்மானம் வைக்கத் துடிக்கும் கையை அடக்குங்கள். மூன்றாவது சுற்று முடிந்து அடுத்த மெட்டுக்கு அவர்கள் தாவும்போது நீங்களும் பிசகாமல் தாவிவிட்டால், அடுத்த வாரம் அவர்களே நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார்கள்.