முதலில் திதி, அப்புறம் கடற்கரை

மழை ஓய்ந்து குளிர் தொடங்கினால் மும்பைத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: கூட்டமில்லாத, அலை அடங்கிய கடற்கரை எது? ஊர்ப் பெயரைச் சொல்வது சுலபம். ஆனால் இந்தப் பக்கத்துக் கடல் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருக்கும். அதனால் டோம்பிவிலியிலிருந்து வந்த கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பௌர்ணமியன்று நிலாச்சோறு சாப்பிடலாம் என்று போர்டிக்குப் போனோம். மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் கடலையே காணோம்! ஈர மணல்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. குழந்தைகள் அழாத குறை. அங்கே எப்போதும் இப்படித்தானா? (டோம்பிவிலி)

கடல் எங்கும் போகவில்லை, நீங்கள்தான் அது இறங்கிய நேரத்தில் போயிருக்கிறீர்கள். சென்னையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். மெரினாவில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. மும்பைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டருக்கும் மேல் போகும். போர்டி மாதிரி தட்டையான கரையில் நீர்மட்டம் அவ்வளவு இறங்கினால் தண்ணீரின் ஓரம் வெகுதூரம் உள்ளே போய்விடும்.

இதற்குக் கொங்கண் கரையில் ஒரு பழைய கணக்கு உண்டு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்குங்கள். வருவது கடல் ஏற்றத்தின் மணி. பஞ்சமி என்றால் ஐந்து தடவை முக்கால், அதாவது மூன்றே முக்கால் மணி. தசமி என்றால் ஏழரை. பௌர்ணமி, அமாவாசை இரண்டுக்கும் பதினைந்து தடவை முக்கால், பதினொன்றே கால். இது பகலுக்கும் பொருந்தும், இரவுக்கும் பொருந்தும். அதிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளினால் இறக்கம். இப்போது உங்கள் பௌர்ணமியைப் பாருங்கள்: பதினொன்றே காலோடு ஆறைக் கூட்டினால் ஐந்தேகால். சரியாக அந்த நேரத்துக்குத்தான் போய் நின்றிருக்கிறீர்கள்.

அரை மணி, முக்கால் மணி முன்பின் ஆகலாம். அதனால் வீட்டுச் சுவரில் தொங்கும் தினக் காலண்டரில் திதியைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இணையத்தில் ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளூரில் கேட்டால் 'பர்தி' என்பது ஏற்றம், 'ஓஹோட்டி' என்பது இறக்கம்.

ஒருநாள் பயணத்துக்கு எனக்குப் பிடித்தது சதுர்த்தியும் பஞ்சமியும். காலை பத்து மணி சுமாருக்குத் தண்ணீர் இறங்கி, கிரிக்கெட் ஆட, நண்டு வளை தேட அகலமான மணல் கிடைக்கும். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது கடல் மெல்ல ஏறி வந்துகொண்டிருக்கும். குழந்தைகள் ஓரமாகக் கால் நனைக்க ஏறும் கடலே மேல். இறங்கும் கடல் தன்னோடு இழுக்கும், குறிப்பாகக் கழிமுகத்தின் பக்கத்தில்.

நிலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் முழுநிலா கடலிலிருந்து எழும். இங்கே மேற்குக் கரை என்பதால் முதுகுப் பக்கம், தோப்புக்குப் பின்னாலிருந்துதான் எழும். நிலாச்சோறுதான் முக்கியம் என்றால் பாயைத் திருப்பிப் போட்டு உட்காருங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி. அலிபாக் பக்கம் ஒருநாள் கூட்டிப் போகலாமா? படகு ஏறுவது கஷ்டமா? (மாட்டுங்கா)

தாராளமாகப் போகலாம், எங்கே படகு ஏறுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வாவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து அலிபாகுக்குப் பஸ் கிடைக்கும். மலிவும்கூட. ஆனால் கல்படியில் நின்றுகொண்டு ஆடும் படகுக்குள் காலை எடுத்து வைக்க வேண்டும். படகுக்காரர் கை கொடுப்பார், இருந்தாலும் முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த ஒரு அடி போதும், நாள் முழுக்கக் கெட்டுப் போக.

அவர்களுக்கு பாவ்ச்சா தக்காவிலிருந்து மாண்ட்வா போகும் ரோ-ரோ கப்பல்தான் சரி. 2020இல் தொடங்கியது. காரையே உள்ளே ஓட்டிப் போய்விடலாம், அதனால் இறங்கிய இடத்தில் ஆட்டோ தேடும் வேலையும் இல்லை. சனி ஞாயிறு என்றால் இடம் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கார் பயணமே பிடிக்கும் என்றால் 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது கடற்பாலம் இருக்கிறது. செவ்ரியிலிருந்து அக்கரைக்குச் சட்டென்று போய்விடலாம். ஞாயிறு மாலை திரும்பும்போது வழியில் வட்கள் என்ற ஊரின் நெரிசலில் மாட்டிக்கொள்ளத் தயாராக இருங்கள். சேது மிச்சம் பிடித்த நேரத்தை வட்கள் வாங்கிக்கொள்ளும்.

எந்தக் கரை? அலிபாக் ஊர்க் கரையும் நாகாவும் விடுமுறையில் திருவிழாதான்: ஒட்டகம், குதிரை வண்டி, மோட்டார் பைக் சத்தம். பெரியவர்களுக்கு ஆக்ஷியோ கிஹிமோ பாருங்கள். ஆக்ஷியில் சவுக்கு மரங்களுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்காரலாம். கடலைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருக்கலாம். கழிப்பறை விஷயத்தைக் கிளம்பும் முன்பே யோசியுங்கள். அம்மாக்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். கரையோர வீட்டு விடுதியில் பகலுக்கு மட்டும் ஓர் அறை எடுத்தால் குளிக்க, கால் நீட்ட, மதியம் கண்ணயர எல்லாவற்றுக்கும் ஆகும். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் மிச்சமாகும் காசு இதில் போகட்டும்.

அலிபாக் கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் குலாபா கோட்டைக்குப் போக ஆசைப்பட்டால் பெரியவர்களை டாங்கா என்னும் குதிரை வண்டியில் ஏற்றுங்கள். மராட்டியத் தளபதி கான்ஹோஜி ஆங்கரேயின் கப்பற்படைக்குத் தளமாக இருந்த கோட்டை. சுற்றிலும் உப்புத் தண்ணீர், உள்ளே நல்ல தண்ணீர்க் கிணறு. கடல் இறங்கினால் நடந்தே போகலாம் என்பார்கள். அது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களுக்கு. அஷ்டமி, நவமியில் இறக்கம் நடுப்பகலில் வசதியாக வந்தாலும் தண்ணீர் முழுக்க வடியாது. எந்த நாளானாலும் தண்ணீர் திரும்ப ஏறும் முன் கரைக்கு வந்துவிடுங்கள்.

காஷித் போட்டோக்களில் மணல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. எட்டு வயதுப் பையனை அங்கே குளிக்க விடலாமா? (முலுண்ட்)

பார்க்க விடுங்கள், குளிக்க விடாதீர்கள். அழகில் குறையே இல்லை, ஆனால் அலையும் இழுப்பும் பலமான கரை. உயிரிழப்புகள் நடந்த இடம். நகரத்துக்குள் அக்சாவும் அப்படியே.

அலைகள் நுரைத்து உடையும் வரிசையில் நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் ஆபத்து. கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. பழக்கமில்லாதவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று அதில்தான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்துக் காலி செய்து, மூடியை இறுக்கி எறிந்தால் அது மிதவை.

கார் இல்லை, பட்ஜெட்டும் கம்மி. ஐந்து பேர். (தாராவி)

மாலாடில் இறங்கி பெஸ்ட் பஸ்ஸில் மார்வே, அங்கிருந்து சில நிமிடப் படகில் மனோரி. இல்லாவிட்டால் போரிவலி வழியாக கோராய் படகு. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்காது, குளியலை மறந்துவிட்டு மணலுக்காகவும் காற்றுக்காகவும் போங்கள். ரயிலில் கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் டகானு லோக்கலில் கேள்வே ரோடு ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. சவுக்குத் தோப்பு, பக்கத்திலேயே சீதளாதேவி கோயில். வார நாளில் போனால் கரையே நம்முடையது. காணும் பொங்கல் நல்ல யோசனை: சென்னையில் அன்று மெரினாவில் கால் வைக்க முடியாது, இங்கே மற்றவர்களுக்கு அது வேலை நாள், வெயிலும் கொஞ்சம் இதமாக இருக்கும்.

மதியத்துக்கு என்ன கட்டிக்கொண்டு போகலாம்? போன தடவை தயிர்சாதம் புளித்துப் போனது. (செம்பூர்)

சாதத்தைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே காய்ச்சிய பாலை ஊற்றிப் பிசைந்துவிடுங்கள். நன்றாக ஆறியபின் ஒரு ஸ்பூன் தயிர் மட்டும். மதியத்துக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும். புளியோதரைக்குக் கவலையே இல்லை. தேங்காய்ச் சட்னி வேண்டாம், மிளகாய்ப்பொடி எண்ணெய் போதும். தட்டுக்குப் பதில் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழை இலை வாங்கிக்கொள்ளுங்கள், கழுவும் வேலை மிச்சம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் சாதத்தில் மணல் விழாது. மீன் சாப்பிடுகிறவர்கள் அலிபாக் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் காலையிலேயே சொல்லிவைத்தால் மதியம் சுடச்சுடக் கிடைக்கும். கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடி கேட்டு வாங்கிக் குடியுங்கள், நம் ரசத்துக்கு நல்ல தோழி.

ஜூலையில் மகளின் பிறந்தநாள். மழையில் கடற்கரை அழகாக இருக்குமே? (தானே)

அழகுதான், ஆனால் தூரத்திலிருந்து. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மகாராஷ்டிரத்தில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. கடலே தொழிலாக இருப்பவர்கள் ஒதுங்கும் மாதங்களில் நாம் கால் நனைப்பானேன்? கேட்வே படகுகளும் அப்போது ஓடாது.

தவிர, மழைக்காலத்தில் நீலநிற பலூன் மாதிரி ஜெல்லி மீன்கள் ஜூஹூ போன்ற கரைகளில் ஒதுங்கும். மணலில் செத்துக் கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும். குழந்தைகள் பொம்மை என்று எடுத்துவிடுவார்கள். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் அளவு வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி குறையும். மூச்சுத் திணறல், முகவீக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. கிர்காவ் சௌபாட்டியில் 2013 கணபதி விசர்ஜனத்தின்போது பலரைக் கொட்டியது திருக்கை. அது மணலில் புதைந்து கிடக்கும். கலங்கிய தண்ணீரில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து இழுத்து நடந்தால் விலகிப் போய்விடும்.

ஐந்து மாதக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா? சன்ஸ்கிரீன் தடவலாமா? (சயான்)

ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழல், தொப்பி, மெல்லிய முழுக்கைச் சட்டை போதும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே எடுக்காதீர்கள். சன்ஸ்கிரீன் உங்களுக்குத்தான் வேண்டும், இரண்டு மணிக்கொரு தடவை, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல்.

பெண்ணுக்கு வாழைப்பழப் படகில் ஏற வேண்டுமாம். (வாஷி)

லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகள் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வேண்டுமென்றே கவிழ்ப்பார்கள், நீச்சல் தெரியாவிட்டால் "கவிழ்க்க வேண்டாம்" என்று காசு கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.