ஏழாவது லிப் பாமில்தான் லாபம் ஆரம்பம்

கேள்வி: ஒரு வருடமாக லிப் பாம், சோப், பாடி லோஷன், தலைக்கு ஸ்க்ரஞ்சி (எலாஸ்டிக் வைத்துத் தைத்த துணி வளையம்), கிளிப் எல்லாமே வீட்டில்தான் செய்கிறேன். கடையில் வாங்குவதைவிட மிச்சமாகும் என்று ஆரம்பித்தேன். ஆனால் செலவு முன்பைவிடக் கூடிவிட்டது. அலமாரி நிறைய மெழுகு, எண்ணெய், துணி. "விற்கலாமே" என்று தோழிகள் சொல்கிறார்கள். தவணையில் ஒரு தையல் மெஷின் வாங்கி இறங்கிவிடலாமா?

பதில்: தவணை இப்போது வேண்டாம். மெஷின் கூடாது என்பதில்லை. பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று தெரிவதற்கு முன்னால் இன்னொரு மாதச் சுமை வேண்டாம் என்கிறேன்.

அந்த ஓட்டை உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. லிப் பாமையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் தேன்மெழுகு வாங்குகிறீர்கள். பாமில் கால் பங்கு மெழுகு, மீதி எண்ணெயும் ஷியா, கோகோ போன்ற வெண்ணெய் வகையும் என்றால், அந்த மெழுகைத் தீர்க்க 400 கிராம் பாம் செய்தாக வேண்டும். ஒரு டியூப்பில் சுமார் 5 கிராம் பிடிக்கும். ஆக 80 டியூப். இரண்டு மாதத்துக்கு ஒன்று தீர்த்தாலும் உங்கள் ஒருவர் உதட்டுக்கு அது பதிமூன்று வருடத்துக்குக் காணும்! மெழுகு அவ்வளவு காலம் தாங்கலாம். எண்ணெய் தாங்காது, சிக்கு வாடை வந்துவிடும்.

ஆறு கடை லிப் பாம் வாங்கும் பணத்தை மெழுகு, எண்ணெய், டியூப் என்று போட்டிருந்தால், முதல் ஆறும் போட்ட பணத்துக்கே சரியாகப் போகும். ஏழாவதிலிருந்துதான் மிச்சம். ஆறு தீரவே உங்களுக்கு ஒரு வருடம் ஆகும். "ஒரு டியூப்புக்கு இவ்வளவுதான் ஆகிறது" என்று 80ஆல் வகுத்துச் சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். உண்மையில் பயன்படுத்தித் தீர்த்த எண்ணிக்கையால் வகுங்கள். தோழிகள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே மெழுகைப் பங்கு போட்டுக்கொண்டால் கணக்கு உடனே மாறும்.

லோஷனை விட்டுவிடுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வைட்டமின் ஈ சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எண்ணெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. அதற்குத் தனியாகப் பிரிசர்வேட்டிவ் வேண்டும். சேர்க்கும் அளவு ஒரு சதவீதம் என்றால், 100 கிராம் பிரிசர்வேட்டிவ் பாட்டில் தீர 10 கிலோ லோஷன் செய்ய வேண்டும். மறுபடியும் அதே ஓட்டை. பிரிசர்வேட்டிவ் போடாமல் நானும் ஒருமுறை அரை லிட்டர் செய்து வைத்தேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். அத்தனையையும் கொட்டினேன். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எத்தனை நாள் அதைக் கையில் தடவியிருப்பேன் என்ற நினைப்பு, போன பணத்தைவிட அதிகம் உறுத்தியது.

சோப் கதை வேறு. வீட்டில் எல்லோரும் தினமும் கரைக்கிற பொருள் என்பதால், மொத்தமாக வாங்கியது வீணாகாது. நான்கிலிருந்து ஆறு வாரம் காய வைக்க இடமும் பொறுமையும் இருந்தால் செய்யுங்கள். ஆனால் ஒரு எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று மலிவான இன்னொன்றை அப்படியே மாற்றிப் போடக் கூடாது. எண்ணெயைச் சோப்பாக மாற்றுவது காஸ்டிக் சோடா. தேங்காய் எண்ணெய் ஒரு கிலோவுக்கு அது சுமார் 183 கிராம் தேவை. ஆலிவ் எண்ணெய்க்குச் சுமார் 135 கிராம்தான். முதலாவதன் அளவை இரண்டாவதற்குப் போட்டால் மிஞ்சும் சோடா தோலை எரிக்கும். எண்ணெய் மாறினால் சோடாவையும் புதிதாகக் கணக்கிடுங்கள். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல எடை மெஷின் மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது.

இனி, எனக்கு நம்பிக்கை தரும் பக்கம்: உங்கள் தலை அலங்காரப் பொருட்கள். துணி கெட்டுப்போவதில்லை. 110 செ.மீ. அகலமுள்ள ஒரு மீட்டர் துணியில் 55 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள பட்டைகள் 20 வெட்டலாம். ஒவ்வொன்றுக்கும் 20 செ.மீ. எலாஸ்டிக் என்றால் மொத்தம் 4 மீட்டர். அதாவது ஒரு மீட்டர் துணியில் 20 ஸ்க்ரஞ்சி, கழிவு ஏறக்குறைய இல்லை. பழைய சட்டையை வெட்டினால் துணிச் செலவும் இல்லை. கிளிப்பில் மட்டும் கவனம்: மணி, கல், ரிப்பன் என்று "அழகாக இருக்கிறதே" என்று வாங்கிச் சேர்ப்பதில்தான் பலருக்குக் கை நழுவுகிறது. கையில் இருப்பது தீரும்வரை புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

சரி, விற்கலாமா? ஸ்க்ரஞ்சியை விற்றுப் பாருங்கள். தோலில் தடவும் பொருட்களை விற்க வேண்டாம். அவற்றுக்குப் பாதுகாப்பு, லேபிள் விதிகள் உண்டு, ஒருவருக்கு அலர்ஜி வந்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இருபது ஸ்க்ரஞ்சியை இரவல் மெஷினிலோ கையாலோ தைத்து விற்றுவிடுங்கள். வெட்டியது, தைத்தது, போட்டோ எடுத்தது, பார்சல் கட்டியது என்று கடிகாரம் பார்த்து எல்லா நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வந்த பணத்தில் துணி, எலாஸ்டிக், கவர், தபால், விற்பனைத் தளம் பிடிக்கும் கமிஷன் எல்லாவற்றையும் கழித்து, மீதியை அந்த மணி நேரத்தால் வகுங்கள். அதுதான் உங்கள் கூலி. "விற்கலாமே" என்ற தோழிகளில் எத்தனை பேர் காசு கொடுத்து இரண்டாவது முறை வாங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாராட்டைவிட அந்த எண்ணிக்கையை நான் அதிகம் மதிப்பேன்.

கூலி குறைவாக வந்தால், இது உங்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு என்று வைத்துக்கொண்டு மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். அதில் தவறே இல்லை. நல்ல கூலி வந்தால், விற்ற பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மெஷின் விலையில் பாதி அதில் சேர்ந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அந்த நோட்டின் கணக்கோடு. எந்த மெஷின், மீதிப் பாதியை எப்படிப் புரட்டுவது என்று அப்போது பேசுவோம்.