ஊருக்கு ஒரே உண்டியல்: கேள்வி பதில்

பல அறநிறுவனங்களுக்கும் சேர்த்து ஒரே வசூல் நடத்தும் முறை அமெரிக்காவில் எப்படி வேரூன்றியது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நெடுநாளாக நான் விரும்பிப் படித்துவரும் வரலாறு இது.

கேள்வி: இந்த எண்ணம் முதலில் எங்கே தோன்றியது?

இங்கிலாந்தின் லிவர்பூலில் 1873இல் ஒரு முயற்சி நடந்தது. ஆனால் இன்றைய இயக்கங்கள் தம் பிறப்பிடமாகச் சொல்வது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரத்தை, ஆண்டு 1887. சுரங்கத் தொழிலால் மளமளவென வளர்ந்த ஊர் அது. மலைக்காற்று காசநோயைத் தீர்க்கும் என்று நம்பி, கையில் பணமில்லாத நோயாளிகளும் ரயிலேறி வந்தார்கள். எந்த ஒரு சபையாலும் தனியாகத் தாங்க முடியாத சுமை. பிரான்சிஸ் ஜேக்கப்ஸ் என்ற யூதப் பெண்மணியும், கத்தோலிக்கரான வில்லியம் ஓரையன், புராட்டஸ்டண்டுகளான மைரன் ரீட், மார்ட்டின் ஹார்ட் ஆகிய குருமார்களும் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். வசூலைப் பொதுவாக்கினார்கள், உதவி கேட்டு வந்தவர்களை உரிய நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். முதல் வசூலில் 21,700 டாலர் சேர்ந்தது.

ஜேக்கப்ஸைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். கொலராடோ சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தில், மாநிலத்தை உருவாக்கியவர்கள் என்று முதலில் பதித்த 16 கண்ணாடி உருவப்படங்களில் பெண் அவர் ஒருவர்தான்.

கேள்வி: இந்தப் பொது வசூலுக்கு வழங்கிய ‘கம்யூனிட்டி செஸ்ட்’ (ஊர்ப் பெட்டி) என்ற பெயர், அதே பெயரில் சீட்டுகள் உள்ள மொனாப்பொலி பலகை விளையாட்டிலிருந்து வந்ததா?

இல்லை, நேர்மாறு. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரம் முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் தன் பொது வசூலுக்கு அந்தப் பெயரை வைத்தது. போர்க்காலத்தில் ஊர்தோறும் ‘வார் செஸ்ட்’ என்று பொது நிதி திரட்டிய பழக்கத்தின் தொடர்ச்சி அது. விளையாட்டு 1930களில்தான் பரவியது. அதற்குள் அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் புழங்கிவிட்டது.

கேள்வி: பணக்காரர்களின் கொடையாக இருந்தது தொழிலாளியின் சம்பளப் பிடித்தமாக எப்படி மாறியது?

தொடக்கத்தில் இதை வளர்த்தவர்கள் வணிகர்கள்தான். கிளீவ்லாந்தில் வணிகர் சங்கமே அறநிறுவனங்களின் கணக்கைச் சரிபார்த்து வந்தது. 1913இல் அங்கே உருவான கூட்டமைப்பைத்தான் நவீன முறையின் முன்மாதிரி என்பார்கள். பிறகு 1943இல், வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடிக்கும் சட்டம் வந்தது. வரி பிடிக்கும் கணக்குப் பிரிவு நன்கொடையையும் பிடிக்கலாமே! டெட்ராயிட் தொழிற்சாலைகளில் ஒரு வசூல் முடிவதற்குள் அடுத்தது வந்து நின்றது. அந்த அலுப்பில்தான் நிறுவனங்களும் தொழிற்சங்கமும் கைகோத்து, 1949இல் ஆண்டுக்கு ஒரே வசூல் என்ற ஏற்பாட்டுக்கு வந்தன. எளிய மனிதரின் சிறு தொகையையும் ஊர்க்கணக்கில் சேர்த்தது இந்த முறைதான்.

அதற்கொரு கசப்பான பக்கமும் உண்டு. மேலதிகாரி படிவத்தை நீட்டும்போது மறுக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ‘நூற்றுக்கு நூறு பங்கேற்பு’ என்று இலக்கு வைத்த இடங்களில் கொடை, வரி போல ஆகிவிட்டது. அதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன்.

கேள்வி: யுனைட்டெட் வே என்பதும் இதுதானா?

ஆமாம், இந்தக் கூட்டு வசூல் அமைப்புகளுக்குப் பின்னாளில் வந்த பெயர் அது. லாஸ் ஏஞ்சலஸ் 1963இல் அந்தப் பெயரை ஏற்றது. தேசிய அமைப்பு 1970இல்.

கேள்வி: அந்தத் தேசிய அமைப்பின் தலைவர் சிறை சென்றாரே?

வில்லியம் அரமோனி. 1992இல் பதவி விலகினார். நிதி மோசடிக்காக 1995இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வசூலித்ததும் பங்கிட்டதும் அந்தந்த ஊர்க் கிளைகள்தான். தேசிய அமைப்புக்குப் போனது கிளைகள் செலுத்திய சந்தா. பல கிளைகள் உடனே சந்தாவை நிறுத்தி வைத்தன. ஆனாலும் பெயர் ஒன்றல்லவா, பழி எல்லோர்மீதும் விழுந்தது.

கேள்வி: யாருக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்தார்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக அமர்ந்த பங்கீட்டுக் குழுதான் இந்த முறையின் உயிர். ஒவ்வொரு நிறுவனத்தின் வரவுசெலவையும் வாசித்து, நேரில் போய்ப் பார்த்து, வாதாடிப் பிரித்தார்கள். முதியோர் இல்லத்தின் பழுதான கொதிகலனைப் படமெடுத்துக் காட்டி யாருடைய மனத்தையும் உருக்க முடியாது. அதற்கும் பணம் கிடைத்தது என்றால் காரணம் இந்தக் குழுக்கள்தான்.

ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கே ஆண்டுதோறும் பங்கு போனது. புதியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். கறுப்பின மக்களின் அமைப்புகள் 1972இல் தமக்கென்று தேசிய அளவில் ஒரு கூட்டு நிதியைத் தொடங்கியதற்கு இந்தப் புறக்கணிப்பும் காரணம். அவர்கள் கோபம் நியாயமானது. பின்னர், எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்று கொடையாளரே படிவத்தில் எழுதும் வழக்கம் பரவியது. கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் பெயர் எழுதித் தந்த பணத்தில் குழுவுக்கு வேலையில்லை. நாலு பேர் அறிந்த பெயருக்கே பணம் போகும். கொதிகலனுக்கு யாரும் எழுத மாட்டார்கள். புதியவர்களையும் குழுவில் உட்கார வைத்துப் பங்கீட்டைத் தொடர்ந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.