பக்கத்து வீட்டு ஹல்மோனி பத்தி கேட்ட தம்பிக்கு

தென் கொரியால இந்த வான்ஜு கவுன்ட்டில வீடு எடுத்து மூணு மாசம் ஆச்சு, பக்கத்து வீட்டு ஹல்மோனி, அதான் பாட்டி, எப்ப பாத்தாலும் நெஞ்சு அடைக்குது தூக்கம் வரலங்கறாங்க, ஆஸ்பத்திரில எல்லாம் நார்மல்னுட்டாங்களாம், நாம தலையிடலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா தலையிடுங்க தம்பி.

நான் வான்ஜு இருக்கற இந்த ஜொல்லா வட்டாரத்துக்கு வந்து பன்னெண்டு வருஷம். இங்க கிராமத்து பெரியவங்க மனசு சரியில்லன்னு வாயத் தொறந்து சொல்லவே மாட்டாங்க, 'தப்தப்ஹே', அதாவது அடைக்குதுன்னு நெஞ்சத் தட்டிக் காட்டுவாங்க, நம்ம ஊர்ல நெஞ்சக் கரிக்குதுன்னு சொல்ற பாட்டிங்க மாதிரி தான். கோவத்தையும் துக்கத்தையும் வருஷக்கணக்கா முழுங்கினா வர்ற நோய்னு அதுக்கு 'ஹ்வாப்யோங்'னு பேரே வச்சிருக்காங்க.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேணாம். வீட்டுக்காரர் தவறிப் போயிருப்பார், பிள்ளைங்க சியோல் பக்கம், நாட்டுல பாதி ஜனம் அங்க தான இருக்கு. இடுப்புல மெத்தை சீட்ட கட்டிக்கிட்டு மிளகா வயல்ல குந்திக் குந்தியே முட்டி போயிருக்கும். காசும் இருக்காது, நேஷனல் பென்ஷனே 1988ல தான் வந்துச்சு, விவசாயிங்களுக்கு 1995ல, அப்ப இவங்க எத்தன வருஷம் கட்டியிருக்க முடியும்? வயசானவங்க வறுமைல ஓஈசிடிங்கற பணக்கார நாடுகள் கூட்டமைப்புலயே கொரியா தான் மோசம், சாம்சங் நாடுன்னு நெனச்சிட்டு வர்ற நமக்கு இது நம்பவே முடியாது.

ஒண்ணு கவனிங்க. கிம்ஜாங், அதான் குளிர்காலத்துக்கு கிம்ச்சி ஊறுகாய் போடற வேலை, முடிஞ்சா வயல்ல வேலை இல்ல, எல்லா பாட்டியும் ஊர் மண்டபத்துல சேந்து சமைச்சு சாப்ட்டு ஹ்வாத்து சீட்டாடுவாங்க. அப்பவும் இவங்க போகலன்னா சும்மா விடாதீங்க. கொரோனால அந்த மண்டபங்கள பூட்டினப்ப எங்க வீட்டு ஓனர் பாட்டி ஒரே குளிர்காலத்துல பாதியா எளைச்சுட்டாங்க, மாத்திரையும் கூட ஒரு ஆளும் கெடச்ச பிறகு தான் தேறினாங்க.

நீங்களே டாக்டர் ஆகாதீங்க. ஊர்த் தலைவர் 'இஜாங்' கிட்ட சொல்லுங்க, பக்கத்துல பொகோன் ஜில்யோசோ, அதான் கிராமத்து சுகாதார நிலையம், இருந்தா அந்த நர்ஸம்மாகிட்டயும் சொல்லுங்க, மனச்சோர்வு இருக்கான்னு ஒன்பது கேள்வி பேப்பர் போட்டு பாத்துட்டு கவுன்ட்டி மனநல சென்டருக்கு அனுப்புவாங்க. சாகணும்ங்கற பேச்சு வந்தா அன்னிக்கே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 109க்கு போன் போடுங்க, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, அந்த நேரமே ஆபத்துன்னா ஆம்புலன்ஸுக்கு 119.

மத்தபடி சாயங்காலம் ரெண்டு இட்லி கொண்டு போய் குடுங்க, பதிலுக்கு கிம்ச்சி வரும். அதுல உப்புல ஊறின இறால் இருக்கும், நீங்க வெஜ்னா மொதல்லயே சொல்லிடுங்க, நான் சொல்லாம ஒரு வருஷம் ஃப்ரிட்ஜ் ஃபுல்லா சேத்து வச்சேன்.